காரத்தில் குடியிருப்பவை

தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கெடாவிலிருந்து ஜொகூர் வரை பல இடங்களில் தரைக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது. காரணம் கருங்கல். மழைநீர் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, ஆழத்துச் சூட்டில் கொதித்து, வேறொரு பிளவு வழியாக மேலே திரும்புகிறது. போய் வருகிற வழியில் பாறையிலிருந்து சோடியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொள்கிறது. பைகார்பனேட்டும் சேர்கிறது. அதனால் இந்த ஊற்றுகளில் பலவும் புளிப்புப் பக்கம் போகாமல் லேசாகக் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். மலாக்கா சின்ன மாநிலம்தான். அதற்குள்ளேயே காடேக், பெம்பான், செங் என்று ஊற்றுகள். ஜாசின் மாவட்டத்தில் ஒரு முக்கிமுக்கு ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர், என்றே பெயர்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளி ரதம் வந்து சேர்வதற்குள் காடேக்கையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று முன்கூட்டியே கிளம்பினேன். அந்தச் சமயத்தில் காரத்தில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மியில் அரைக்கும் காரமல்ல, சுண்ணாம்பிலும் சலவை சோடாவிலும் இருக்கும் காரம். கையில் ஒரு சிறிய போத்தல். உள்ளே சங்குப்பூ வடித்த நீர். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். மலாக்கா நோன்யா சமையலில் பலகாரத்துக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூதான். புளிப்பில் விட்டால் ஊதாவாகிச் சிவக்கும், காரத்தில் விட்டால் பச்சையாகும். ஆய்வுக்கூடத்துத் தாளை விட இது மலிவு.

கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் சிரம்பானைத் தாண்டி, ரெம்பாவைத் தாண்டி, கடைசி நிலையம் புலாவ் செபாங். பெயர்ப் பலகையில் தம்பினும் சேர்ந்திருக்கும். நிலையம் மலாக்காவில், தம்பின் ஊர் நெகிரி செம்பிலானில். எல்லைக் கோடு அப்படி. அங்கிருந்து காடேக்குக்கு வாடகைக் காரில் சில நிமிடம். வழியெல்லாம் செம்பனை. இடையிடையே பால்மரத் துண்டுகள் மிச்சமிருக்கின்றன, யாரோ விற்க மறந்துபோன மாதிரி.

காடேக்கில் இறங்கியதும் முதலில் தெரிவது அந்தக் கந்தக வாடை. குளங்களைச் சுற்றி வயதானவர்கள் முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்றார் ஒருவர். சொறி போகும் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. சூடு வலிக்கு இதம் தரும் என்பது உண்மைதானே. ஓரத்துக் கல்லில் பாசி மாதிரி ஒன்று வழவழவென்று படர்ந்திருந்தது. குடிக்கிற டீயின் சூட்டில் ஓடும் தண்ணீரில் அது உயிரோடு இருக்கிறது என்பதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு சிறு குவளையில் ஊற்றுநீரைப் பிடித்து, ஆறவிட்டு, சங்குப்பூ நீரைச் சில சொட்டு விட்டேன். நீலம் நீலமாகவே நின்றது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. பி.எச். அளவுகோல் 0 முதல் 14 வரை. 7 நடுநிலை. கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு ஏறியதாகக் கணக்கு. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி இருக்கும். சுண்ணாம்புத் தெளிநீர் 12ஐத் தாண்டும். நம் இரத்தம் 7.4. அதில் அரைப் புள்ளி அசைந்தாலே உயிருக்கு ஆபத்து. சங்குப்பூ பச்சைக்கு மாற 9ஐ நெருங்க வேண்டும். லேசான காரம் அதற்குப் போதாது.

மலேசிய ஊற்றுகளில் நன்றாக ஆராயப்பட்டது பேராக் மாநிலத்துச் சுங்கை கிளா. சுங்காய் ஊருக்குப் பக்கத்தில், காட்டுக்குள் 150 மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஆழமில்லாத ஓடை. 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி அதன் சூடு இடத்துக்கு இடம் 50 முதல் 110 பாகை வரை, பி.எச். 7 முதல் 9 வரை. மரங்களிலிருந்து இலைகள் விழுந்து மக்குவதால் நுண்ணுயிர்களுக்குத் தீனிக்குக் குறைவில்லை. மரபணுக்களை மொத்தமாகப் படித்துப் பார்த்ததில் பாக்டீரியாக்களின் பெரும்பிரிவுகள் முப்பதுக்கு மேல் தேறின. இவர்கள் எல்லாம் சூட்டைத் தாங்குபவர்கள். காரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்பவர்கள். பொறுத்துக்கொள்வது வேறு, அது இல்லாமல் வாழ முடியாது என்பது வேறு. நான் தேடியது இரண்டாவது வகை. பி.எச். 9க்கு மேல் போனால்தான் செழிப்பாக வளரும், 7இல் வைத்தால் சோர்ந்துபோகும் ஜாதி.

அதைத் தேட ஊற்றுக்குப் போக வேண்டியதே இல்லை என்பது செங்கில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தபோது உறைத்தது.

காடேக்கிலிருந்து அலோர் காஜா வழியாக ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையைப் பிடித்தால் செங் வந்துவிடும். தொழிற்சாலைகள், கிடங்குகள், அடுக்கடுக்காக வீடமைப்புத் தாமான்கள். இங்கே ஒரு காலத்தில் தோட்டம் இருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். கோயில்கள்தான் சாட்சிக்கு நிற்கின்றன. மாசி மகத்தின்போது மட்டும் ஊர் முகம் மாறுகிறது. மலாக்கா நகரில் துக்காங் எமாஸ் தெருவில் 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சுப்பிரமணியர் வெள்ளி ரதத்தில் புறப்பட்டுச் செங்குக்கு வருவார். நகரத்தார்கள் நடத்தும் விழா. காவடி, பால்குடம், முடியிறக்குதல் எல்லாம் உண்டு. சீனர்களும் வேண்டுதலோடு வரிசையில் நிற்பார்கள். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சிராப் தண்ணீரும் ஓயாமல் ஊற்றிக்கொடுத்தார்கள்.

வெற்றிலைக் கடைக்காரர் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு விரல் நுனி கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரில் என் சங்குப்பூவை விட்டேன். கண் இமைப்பதற்குள் பச்சை. சற்று நேரத்தில் பச்சை வெளிறி மஞ்சளாயிற்று. கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த பாட்டி மட்டும், "என்னா தம்பி, மந்திரமா?" என்றார்.

"இல்ல பாட்டி, சுண்ணாம்பு எவ்வளவு காரம்னு பாக்குறேன்."

"இது என்னா காரம்? அமோனியாவ மோந்து பாத்திருக்கியா?"

முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டதும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிறைக்குப் போய், மரம் மரமாகக் கோடு இழுத்துவிட்டுத் திரும்ப வரும்போது பால் மங்குகள் நிறைந்திருக்கும். வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போக வேண்டும்.

"வாளியில கொஞ்சம் அமோனியா ஊத்திக்குவோம். மழை மோடமா இருந்தா மங்குலயே ரெண்டு சொட்டு. மூடியத் திறந்தா மூள வரைக்கும் ஏறும், கண்ணுல தண்ணி கொட்டும்."

"ஊத்தாம விட்டா?"

"பால் திரிஞ்சிரும். நிறுவைக்குப் போறதுக்குள்ள வாளியில கட்டி கட்டியா நிக்கும். அப்புறம் கிராணி கட்டிப்பால் வெலதான் போடுவாரு."

ஒரு நாள் கூலி பாக்டீரியாவின் கையில் இருந்தது என்று இதற்குப் பொருள். மரத்திலிருந்து வடியும் புதுப் பாலின் பி.எச். 7ஐ ஒட்டி இருக்கும். பாலுக்குள் ரப்பர் துணுக்குகள் புரதப் போர்வை போர்த்திக்கொண்டு மிதக்கின்றன. போர்வைக்கு எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். பாலில் சர்க்கரையும் இருக்கிறது. மரப்பட்டையிலும் மங்கிலும் வாளியிலும் காற்றிலும் உள்ள பாக்டீரியாக்கள் உள்ளே விழுந்து அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலங்களைக் கக்குகின்றன. அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் மாதிரியானவை. பி.எச். இறங்குகிறது, மின்னேற்றம் அழிகிறது, துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. ஆலையில் தாள் ரப்பர் செய்யத் தொட்டியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி வேண்டுமென்றே செய்கிற அதே காரியத்தை, பாக்டீரியா வாளியிலேயே செய்து முடித்துவிடுகிறது. நேரம் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அமோனியா இரண்டு வேலை செய்கிறது. காரத்தை ஏற்றி மின்னேற்றத்தைக் காப்பாற்றுவது ஒன்று. பாக்டீரியாவின் தோலைக் கடந்து உள்ளே போய் அதை முடக்குவது இன்னொன்று. ஆலையில் கையுறைக்கும் பலூனுக்கும் போகும் செறிவூட்டிய பாலில் 0.7 விழுக்காடு அமோனியா சேர்ப்பது வழக்கம். அதன் பி.எச். 10ஐத் தொடும். பாலின் தரம் பார்க்கிறவர்கள் இன்றும் அதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு என்று அளக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, அமோனியா போய்ச் சேர்வதற்கு முன் பாக்டீரியா எவ்வளவு நேரம் விளையாடியது என்கிற கணக்கு.

இந்த மாநிலத்தில்தான் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டமாக அதைச் சொல்வார்கள். அடுத்து புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம். அதற்குப் பின் சேலம், திருச்சி, வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து வந்து இறங்கியவர்களின் கதை தெரிந்ததே. அடுத்த நூற்றாண்டு முழுக்க நம்மவர்கள் ஒரு கையில் அமிலமும் மறு கையில் காரமும் வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு நேரப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். தோட்டத்து வரலாறு எழுதியவர்கள் கங்காணியையும் துரையையும் கள்ளுக்கடையையும் விடாமல் எழுதினார்கள். அமோனியா வாளி எங்காவது ஓரத்தில் வந்தால் உண்டு. எனக்கு அது குறைதான்.

அமோனியா என்றதும் எனக்குத் தோக்கியோவில் ஒரு குடுவை நினைவுக்கு வந்தது. 1956. கோக்கி ஹொரிகோஷி அப்போது பட்டமேற்படிப்பு மாணவர். சோயா சாறு தயாரிக்க உதவும் பூஞ்சணத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடுவையில் மட்டும் பூஞ்சணம் முழுக்கக் கரைந்து காணாமல் போயிருந்தது. உள்ளே பாக்டீரியா மண்டிக் கிடந்தது. மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை. பி.எச். 9 வரை ஏறியிருந்தது. மற்றவர்களாக இருந்தால் கெட்டுப்போனது என்று கொட்டியிருப்பார்கள். அவர் குறித்து வைத்தார். அப்போதைக்கு அவ்வளவுதான். 1968இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே காலத்து ஜப்பானியர் எவரும் இப்படி ஒரு உலகம் இருப்பதாகக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்களே என்று தோன்றியதாம். நுண்ணுயிர்களிலும் அப்படி நாம் பார்க்காத உலகம் இருந்தால்? அந்தப் பழைய குடுவை ஞாபகத்துக்கு வந்தது. பாஸ்டர் காலத்திலிருந்து எல்லோரும் நடுநிலை ஊட்ட நீரிலேயே பாக்டீரியா வளர்க்கிறார்களே, காரத்தில் யாரும் தேடவில்லையே!

ஊர் திரும்பி, ஊட்ட நீரில் 1 விழுக்காடு சோடியம் கார்பனேட், நம் சலவை சோடாதான், கலந்து 30 குழாய்களில் ஊற்றினார். ரிக்கென் ஆய்வு நிலையத்தின் வளாகத்திலேயே அங்கங்கே மண் கிள்ளிப் போட்டு, 37 பாகையில் ஓர் இரவு வைத்தார். மறுநாள் 30 குழாயிலும் உயிர்கள்.

உப்பு ஏரிச் சேறல்ல. சாதாரண மண். சாதாரண மண்ணில் நடுநிலை விரும்பும் நுண்ணுயிர்கள் நூறு இருந்தால் கார விரும்பிகள் ஒன்றிலிருந்து பத்து வரை இருக்கும் என்று பின்னால் எண்ணிப் பார்த்தார்கள். மலாக்காவின் ரப்பர் மண் புளிப்பு மண், பி.எச். 5க்குக் கீழேகூடப் போகும். அதிலும் இவை வித்துகளாகச் சுருண்டு படுத்திருக்க முடியும். பேசில்லஸ் குடும்பத்துக்கு அந்தத் திறமை உண்டு. பட்டினி என்றால் கெட்டித் தோல் போர்த்தி வித்தாகிவிடும், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எங்காவது காரம் கிடைத்தால் எழுந்துகொள்ளும்.

தோட்டத்தில் காரத்துக்கா பஞ்சம்? விறகடுப்புச் சாம்பலைக் கொட்டிய கொல்லை. சுண்ணாம்படித்த லயத்துச் சுவரோரம். எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுக் கொட்டகை. பாட்டி வீட்டிலும் பசு இருந்ததாம். தோட்டத்தில் பலரும் மாடு வைத்திருந்தார்கள், பால் வியாபாரம் பக்கத் தொழில். கொட்டகையைக் கழுவாமல் விட்டால் காலையில் கண்ணெரியும். மூத்திரத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும் பாக்டீரியாக்களின் வேலை அது. அதில் பேர்போனது ஸ்போரோசார்சினா பாஸ்டூரி. பாஸ்டரின் பெயரைத் தாங்கிய இது தனக்கு வேண்டிய காரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பி.எச். 9ஐத் தாண்டிய இடத்தில் நன்றாக வளரும். வாளியில் தன் இனத்தைக் கொல்ல ஊற்றும் அமோனியாவைக் கொட்டகையில் இன்னொரு பாக்டீரியா தானாகத் தயாரித்துக்கொண்டிருந்தது.

கரையானைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் தின்னும் கரையான் தோட்டத்துக்கு எதிரி, எல்லோருக்கும் தெரியும். மண்ணைத் தின்னும் கரையான்களும் மழைக்காடுகளில் உண்டு. அந்த வகை சிலவற்றின் குடலில் ஒரு பகுதியில் பி.எச். 12ஐத் தாண்டுகிறது. விலங்குகளின் உடலுக்குள் அளந்தவற்றில் அதற்கு மேல் இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பின் காரத்தை ஒரு பூச்சி வயிற்றில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போய் வருகிறது! கார விரும்பிகளைத் தேடுகிறவர்கள் கரையான் குடலையும் கிண்டிப் பார்த்து வெற்றி கண்டிருக்கிறார்கள்.

சரி, அந்தக் காரத்தில் இவை எப்படிப் பிழைக்கின்றன? சலவை சோடாவில் கை வைத்தால் நம் தோலே வழுக்குகிறது, கொழுப்பும் புரதமும் கரைகின்றன. பாக்டீரியாவின் தந்திரம் வெளியே இருப்பதை உள்ளே விடாமல் இருப்பதுதான். பேசில்லஸ் சூடோஃபர்மஸ் என்றொரு இனத்தை நியூயார்க்கில் டெரி குருல்விச் குழுவினர் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். வெளியே பி.எச். 10.5 இருக்கும்போது அதன் உள்ளே 8.3ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம், அதாவது நூறு மடங்குக்கு மேல். செல்லின் சவ்வில் சின்னச் சின்ன மாற்றுப் பொறிகள் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளி, வெளியே அரிதாகக் கிடக்கும் ஹைட்ரஜன் அயனியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. செல்சுவரில் அமிலத் தன்மையுள்ள பொருள்களைப் பூசிக்கொள்வதால் நேர்மின் அயனிகள் பக்கத்திலேயே நிற்கும். நீந்துவதற்கான சாட்டையைச் சுழற்றவும் மற்ற பாக்டீரியாக்களைப் போல ஹைட்ரஜனை எதிர்பார்க்காமல் சோடியத்தையே பயன்படுத்துகிறது. ஆக, இவற்றுக்குக் காரம் மட்டும் போதாது, சோடியமும் வேண்டும். அமோனியா வாளியில் இவை ஆனந்தமாக வாழ்வதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோடியமும் காரமும் சேர்ந்தே கிடக்கும் இடம் சோடா ஏரி. இந்தியாவில் அதற்குப் பேர்போனது மகாராஷ்டிரத்து லோனார். விண்கல் விழுந்து உண்டான பள்ளம், குறுக்களவு 1.8 கிலோமீட்டரை ஒட்டி, நீரின் பி.எச். 10 பக்கம். 2020 ஜூனில் தண்ணீர் திடீரென்று இளஞ்சிவப்பாகிச் செய்தியானதே, அதே ஏரி. அதிலிருந்து ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தார் புதுப் பேரினங்களையே கண்டெடுத்தார்கள். ஒன்றுக்கு இண்டிபாக்டர் என்று பெயர். இன்னொன்றுக்கு, தங்கள் நிலையமான சி.சி.எம்.பி.யின் எழுத்துகளையே கோத்து, செசெம்பியா என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் நமக்குக் களர் நிலம் உண்டு. வண்ணார்கள் வெள்ளாவிக்கு அள்ளிவந்த உவர்மண் அங்கிருந்து வந்ததுதான். திருச்சி வட்டாரத்துக் களரில் நெல் விளைவிக்கவென்றே நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் திருச்சி 1, 2, 3 என்று ரகங்கள் உருவாக்கினார்கள். நெல்லுக்குக் கிடைத்த கவனத்தில் பத்திலொரு பங்கு அந்த மண்ணின் பாக்டீரியாவுக்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

செங்கில் இரவு தங்கிய இடத்துக்குக் கீழே சுயசேவைச் சலவைக் கடை. ஊர் உறங்கும் நேரத்திலும் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்திருக்கையில் கார விரும்பிகள் மனிதனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெரும்பணம் இந்தக் கடையில்தான் சுற்றுகிறது என்று தோன்றியது. சலவைத்தூள் கரைந்த நீர் காரம். வியர்வை, இரத்தம், குழம்புக் கறையைத் தின்ன நொதி சேர்க்க வேண்டுமென்றால் அந்தக் காரத்தில் சிதையாத நொதி வேண்டும். ஹொரிகோஷி 1971இல் வெளியிட்ட முதல் கட்டுரையே கார விரும்பி பேசில்லஸ் ஒன்றின் புரதம் அறுக்கும் நொதியைப் பற்றியது. ஜப்பானின் காவோ நிறுவனம் 1987இல் அட்டாக் சலவைத்தூளை இறக்கியபோது அதிலிருந்தது இன்னொரு கார விரும்பியின் செல்லுலோஸ் நொதி. பருத்தி இழையின் உள்ளே சிக்கிய அழுக்கை அது வெளியே தள்ளும். நொதி வந்த பிறகுதான் சலவைத்தூள் பெட்டிகள் சின்னதாயின. மலேசியக் கடைகளிலும் அந்தப் பெயர் இன்று பழக்கமானதுதான்.

ஹொரிகோஷியின் பெயரையே ஒரு பாக்டீரியாவுக்கு வைத்தார்கள். 1995இல் கார விரும்பி பேசில்லஸ்களில் ஒன்பது புது இனங்களை ஒரே கட்டுரையில் அறிவித்தபோது பேசில்லஸ் ஹொரிகோஷி அதில் ஒன்று. அதே கட்டுரையில் பேசில்லஸ் கிளாசியும் உண்டு. இதை நீங்கள் அநேகமாகக் கண்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழல், என்ட்ரோஜெர்மினா. 5 மில்லிலிட்டரில் 200 கோடி வித்துகள். வயிற்றின் புளிப்பை வித்தாகக் கடந்து, குடலில் இறங்கி முளைக்கும். முதலில் விவரிக்கப்பட்ட கார விரும்பிகளில் ஒன்றும் இப்படி வயிற்றோடு தொடர்புடையதுதான். 1934இல் வெடர் என்பவர் பேசில்லஸ் அல்கலோஃபிலஸை மலத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்.

செங் ஊற்றையும் காடேக்கையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. சுங்கை கிளாவுக்கு நடந்த ஆய்வு மலாக்காவின் ஒவ்வொரு ஊற்றுக்கும் நடக்க வேண்டும், அதுவும் ஊற்றுக்கண்ணைச் சுற்றி சிமெண்ட் பூசி ஓடு பதிப்பதற்கு முன்னால். துரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் கார விரும்பிகளுக்காக ஊற்றைத் தேடிப் போவது முகவரி தவறிய தேடல். பாட்டியின் பழைய கொட்டகை இருந்த இடத்தில், லயத்துச் சுவர் இடிந்த மண்ணில், கோயில் மடப்பள்ளியின் சாம்பல் மேட்டில்தான் முதலில் கிள்ள வேண்டும்.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அஸ்தி அமைப்பு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென்றே நடத்தும் அறிவியல் விழாவில் நம் பிள்ளைகள் நல்ல நல்ல ஆய்வுகளோடு வந்து நிற்கிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். சாம்பல் தெளிநீர், சுண்ணாம்புத் தெளிநீர், கொட்டகை மண் கரைசல், மஞ்சள் மீ ஊறிய தண்ணீர், ஆறவைத்த ஊற்றுநீர் என்று பிள்ளைகளையே சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பால்மரம் கிடைத்தால் இரண்டு மங்குப் பால் எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றில் ஆசிரியர் கையால் அமோனியா சேர்த்து, எது எப்போது திரிகிறது என்று நேரம் குறிக்கட்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர்கள் கடிகாரம் பார்க்காமலே சொல்வார்கள். சோடா கலந்த ஊட்ட நீரில் மண்ணைப் போட்டு வளர்ப்பதை மட்டும் வகுப்பறையில் செய்யாதீர்கள். என்ன வளரும் என்று முன்கூட்டித் தெரியாத குடுவை அது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கேளுங்கள். மண்ணை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.